குளத்து மண்ணுக்கு ஒரு மனு!

பச்சைப் பானை உடைந்தால் கவலை இல்லை. தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் மறுபடியும் மண்ணாகிவிடும். சூளையில் சுட்ட பானை அப்படி அல்ல. உடைந்தால் ஓடுதான். புதைத்தாலும் அழியாது.

தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரே இதற்குச் சாட்சி. 2004-ல் தொல்பொருள் துறையினர் அங்கே தோண்டியபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் ஒரு பெண், ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை! எல்லாம் மண்ணாலேயே ஒட்டிச் செய்த உருவங்கள். செய்தவர் குயவரோ, குயவர் வீட்டுப் பெண்ணோ, யார் கண்டது?

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே கிடக்கிறது. தாமிரபரணியின் வண்டல் செய்த வேலை அது. அதே வண்டல் குளங்களிலும் படிகிறது. அள்ளினால் குயவருக்குப் பானை, குளத்துக்கு ஆழம்.

ஆனால், அள்ளுவது லேசா? முன்பு கலெக்டர் அனுமதி வேண்டும். சக்கரத்தை நிறுத்திவிட்டு மாவட்டத் தலைநகருக்கு நடையாய் நடக்க வேண்டும். 2024-ல் தமிழக அரசு விதியைத் திருத்தியது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் தாசில்தார் அனுமதியுடன் இலவசமாக மண் எடுக்கலாம்.

நல்ல காரியம். மனு குயவர் பெயரில், லாரி வேறொருவருடையது என்று ஆகிவிடாமல் பார்ப்பதும் தாசில்தார் பொறுப்பே.

இன்னொன்று, நாள். குளம் வற்றுவது கோடையில். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குளம் நிரம்பும். பானை காயாது. சூளையும் சரியாக எரியாது. பொங்கல் பானைக்கு வேண்டிய மண் அதற்குள் வீடு வந்தாக வேண்டும். சித்திரையில் கொடுத்த மனுவில் புரட்டாசிக் கடைசியில் கையெழுத்து விழுந்தால், அந்த வருஷப் பொங்கல் வியாபாரம் போயிற்று.