முக்கோணம் வரையாத பிள்ளை



ஓவிய வகுப்பில் நான்கு வயது மகனுக்கு முக்கோணம் வரைய வரவில்லையென்று கடிந்துகொள்ளும் தாய்மார் உண்டு. குற்றம் பிள்ளையினுடையதன்று, கைக்கு இன்னும் காலம் கனியவில்லை. பொதுவாக வட்டத்தைப் பார்த்து வரையும் திறன் மூன்று வயதிலும், சதுரத்துக்குரியது நான்கு வயதையொட்டியும், முக்கோணத்துக்குரியது ஐந்து வயதையொட்டியும் வாய்க்கின்றன. சாய்ந்த கோடு பிஞ்சு விரல்களுக்கு அரிது.

ஆதலின் பென்சிலுக்கு முன்னர்ப் பொருளைக் கொடுங்கள். 1837-இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் நகரில் சிறுவர் நிலையம் தொடங்கிய புரோபெல், மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை ஆகியவற்றைக் குழந்தைகளின் கையில் அளித்தார். உருண்டை ஓடும், கனசதுரம் நிற்கும், உருளையோ படுத்தால் ஓடும், நிமிர்ந்தால் நிற்கும். இதனைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

நம் இல்லத்திலும் இது இயலும். தட்டின் விளிம்பை மகன் விரலால் தடவட்டும். தீப்பெட்டியின் மூலைகளை எண்ணட்டும். மூன்று ஈர்க்குச்சிகளை முனையோடு முனை சேர்த்து முக்கோணம் அமைக்கட்டும். அதன்பின் தாளை நீட்டுங்கள்.

வட்டம் கோணினால் உடனே அழித்துத் திருத்தாதீர்கள். "இது என்ன, கண்ணே?" என்று கேளுங்கள். "தோசை" என்பான். அவனுக்கு அது நிறைவான வட்டமே. அந்த மகிழ்ச்சியைக் காத்தால், முக்கோணம் தானே வரும்.