பாட்டின் பின்னே வரும் கணக்கு
2024 பிப்ரவரியில் டிக்டாக் காணொளிகள் பல திடீரென ஊமையாயின. கட்டண உடன்பாடு முறிந்து யுனிவர்சல் மியூசிக் தன் பாடல்களை விலக்கிக்கொண்டது; மே மாதம் புது ஒப்பந்தம் வந்தது, பாட்டும் திரும்பியது. அந்தச் சில மாதப் பதற்றத்தைப் புதுயுகத்தின் சண்டை என்றே பலரும் எண்ணினார்கள். ஆனால் 1847-ல் பாரிஸ் நகரத்து விடுதியொன்றில் தன் பாட்டு இசைக்கப்படுவதைக் கேட்ட எர்னஸ்ட் பூர்ஷே, அதற்குக் காசு தராதவர்களுக்குத் தான் குடித்த பானத்துக்கு மட்டும் ஏன் தரவேண்டும் என்று மறுத்தார். வழக்கில் அவரே வென்றார். 1908-ல் தானியங்கிப் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருள் இசையின் நகலாகாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். மறு ஆண்டே சுருளுக்கு இரண்டு சென்ட் என்று சட்டம் வந்தது. ஒவ்வொரு புதுக் கருவியும் பாட்டை முதலில் எடுத்துக்கொண்டுவிடுகிறது. கணக்கு பின்னால்தான் வருகிறது.

இந்த வரலாற்றில் நமக்கென்று ஓர் ஏடு உண்டு. பாரதி 1921-ல் வறுமையில் மறைந்தார். கிராமபோனும் பேசும்படமும் பரவியபின் அவர் பாடல்களுக்கு விலை பிறந்தது. ஒலிப்பதிவு உரிமை ஒரு வணிகரிடமும், பின்பு ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடமும் சேர்ந்தது. 1947-ல் ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் அப்பாடல்களைக் கேட்டுத் தமிழகம் உருகியது. அடுத்த ஆண்டே டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றதற்கு உரிமைச் சிக்கல் எழுந்தது. தேசத்தின் கவிஞனைத் தனியொருவர் சொத்தாக்குவதா என்று எழுத்தாளர்கள் குரல் கொடுக்க, 1949-ல் சென்னை அரசு உரிமையைப் பெற்றது. சில ஆண்டுகளில் அது மக்களுக்கே பொதுவாயிற்று. இன்று எவரும் பாரதியைத் தடையின்றிப் பாடுவது இப்படிக் கிடைத்த செல்வம். அதன் பயன் ஊருக்கெல்லாம் கிடைத்தது, எழுதியவனுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்பதுதான் ஆறாத வருத்தம்.

அந்த வருத்தத்துக்குக் காலங்கடந்து வந்த மருந்தாகவே 2012-ன் பதிப்புரிமைத் திருத்தத்தை நான் காண்கிறேன். படத்துக்கு எழுதிய பாட்டு திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது என்கிறது அது. முப்பது விநாடிக்குள் எடுத்தால் குற்றமில்லை என்று இளைஞர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படியொரு விநாடிக் கணக்கு நம் சட்டத்தில் எங்கும் இல்லை. செயலிகளின் பாட்டுத் தொகுப்புகளும் பெரும்பாலும் சொந்த மகிழ்ச்சிக்கே அனுமதிக்கின்றன, கடை விளம்பரத்துக்கு அல்ல. ஆகவே வியாபாரத்துக்குப் பாட்டை எடுப்பவர்கள் அனுமதி பெற்று, உரிய பணத்தைக் கொடுங்கள். மகிழ்ச்சிக்காக எடுப்பவர்கள் எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் காணொளியோடு சேர்த்துப் போடுங்கள்.