ஓதுகிறோம், படிக்கிறோம், வாசிக்கிறோமா?

 

நோன்புப் பெருநாள் முடிந்து மூன்று வாரங்களுக்கு மேலாகிவிட்டது. இவ்வாண்டு (2025) ரமலான் மார்ச் மாதத்தில் வந்தது. அரசுப் பொதுத்தேர்வுகளும் அதே காலத்தில் வந்தன. அதனால் நம் வீடுகள் பலவற்றில் ஓர் அறையில் குர்ஆன் ஓதும் குரலும், இன்னோர் அறையில் பாடத்தை உருப்போடும் குரலும் ஒருசேரக் கேட்டன. இப்போது இரண்டும் ஓய்ந்துவிட்டன. குர்ஆன் பிரதிகள் உறைக்குள் புகுந்து அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டன. பாடநூல்கள் பழைய பேப்பர் கடைக்காகக் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன.

நான் குடியிருக்கும் திருக்கோகர்ணத்தில் வேம்பு பூத்து உதிரும் காலம் இது. மொட்டைமாடிகளில் வற்றல் காய்கிறது. ஆதனக்கோட்டைப் பக்கமிருந்து முந்திரிப்பழமும், ஆலங்குடிப் பக்கமிருந்து பலாவும் வந்து இறங்குகின்றன. திண்ணையில் வருடத்துக்கு வேண்டிய புளியைக் குவித்து வைத்துக்கொண்டு பெண்கள் கொட்டை எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை நெருங்குகிறது. எல்லார் கைகளுக்கும் வேலையோ விளையாட்டோ இருக்கிறது. புத்தகத்துக்கு மட்டும் வீட்டில் யாரும் இல்லை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். நம் பேச்சு வழக்கை நான் கவனித்திருக்கிறேன். குர்ஆனுக்கு ‘ஓதுதல்’ என்கிறோம். பள்ளிக்கூடப் பாடத்துக்குப் ‘படித்தல்’ என்கிறோம். ஓதினால் நன்மை உண்டு, படித்தால் மதிப்பெண் உண்டு. இந்த இரண்டிலும் சேராத ஒன்று இருக்கிறது: ஒரு நூலை எடுத்து, அது என்ன சொல்கிறது என்று அறியும் ஆவலால் மட்டுமே பக்கம் புரட்டுவது. அதுதான் வாசித்தல். நம் வீடுகளில் அதற்கென்று நேரமும் இல்லை, இடமும் இல்லை. அதைச் செய்கிறவரைப் பார்த்து ‘சும்மா உட்கார்ந்திருக்கிறான்’ என்றே சொல்கிறோம். இந்த விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு வாசிக்கும் பழக்கத்தை நாம் தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதற்கு முன் என் வீட்டில் நடந்த இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். முதலாவது என் தாயாரைப் பற்றியது. இரண்டாவது என் தவற்றைப் பற்றியது.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. அதனால் சுமார் 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை ரமலான் அதே பருவத்துக்குத் திரும்பி வருகிறது. 1992-லும் நோன்பு மார்ச் மாதத்தில்தான் வந்தது. அப்போது நான் சிறுவன். என் தாயார் முப்பது ஜுஸ்வையும் தடையின்றி ஓதுவார். ஆனால் பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாது. மலேசியாவில் வேலைபார்த்த அத்தா எழுதும் கடிதங்களை எதிர்வீட்டு அக்கா வந்து வாசித்துக் காட்டுவார். கணவன் மனைவிக்கு எழுதிய சொற்கள் மூன்றாம் மனிதர் வாய் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தன.

1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிதும் துணைநின்றார். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதியதால் நாடெங்கும் அந்தச் செய்தி பரவியது. என் தாயார் சைக்கிள் பழகவில்லை. ஆனால் மாலை வகுப்புக்குப் போனார். அந்த ரமலானில் ஒரு நாள் கடிதம் வந்தபோது, எதிர்வீட்டுக்கு ஆள் அனுப்பாமல், தாமே பிரித்து எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. வாசித்து முடித்ததும் மடித்துத் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அத்தா என்ன எழுதியிருந்தார் என்பது அன்றுதான் முதன்முறையாக எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

இனி என் தவறு. என் மகள் இவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். ஏப்ரல் 15-ஆம் தேதி தேர்வு முடிந்தது. இரண்டு நாள் கழித்து அவள் கையில் ஒரு நாவலைக் கண்டேன். தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, 1988-இல் வெளிவந்தது. அந்த நூலைப் பற்றி யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. “இது வேணாம்மா, நம்ம ஆளுகளையே கேவலமா எழுதியிருக்காராம்” என்று சொல்லி, கையிலிருந்து வாங்கிவிட்டேன்.

“நீங்க படிச்சிருக்கீங்களா அத்தா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“அப்புறம் எப்படித் தெரியும்?”

பதில் சொல்லாமல் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டேன். மதரஸாவில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் நான் மகிழ்கிறவன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் அந்த நூலை வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு இரவுகளில் முடித்தேன். பள்ளிவாசலையும் ஊரையும் தன் கைக்குள் வைத்திருக்கும் ஒரு முதலாளி, பரக்கத்தின் பெயரால் எளிய மக்களை ஏமாற்றும் ஒரு தங்கள், ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் மார்க்கம் போய்விடும் என்று அஞ்சும் ஊர். தீனை அந்த நூல் எங்கும் இகழவில்லை. தீனின் பெயரால் மக்களை இருட்டில் வைத்திருந்தவர்களைத்தான் அது காட்டியது. வாசித்து முடித்தபோது என்னை ஒரு கேள்வி உறுத்தியது. தெரியாத நூலை மகள் கையிலிருந்து பறித்த நான் அந்த ஊரில் யாருடைய பக்கம் நின்றிருப்பேன்?

மறுநாள் நூலை அவளிடமே திருப்பிக் கொடுத்து, “அத்தா செஞ்சது தப்பும்மா” என்று சொன்னேன். திண்ணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த என் தாயார், “உள்ளே போயி ஒத்தையில படிக்காம இங்கனயே உக்காந்து சத்தமா படி. கைக்குத்தான் வேலை, காதுக்கு என்ன வேலை இருக்கு?” என்றார். அன்று தொடங்கி அஸருக்குப் பின் அரை மணி நேரம் அவள் வாசிக்கிறாள். என் தாயாரும் மனைவியும் புளி தட்டுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகன் பள்ளியில் கொடுத்த ‘ஊஞ்சல்’ இதழை மடியில் வைத்துக்கொண்டு, பாதி கதையை இதிலும் பாதி கதையை அதிலும் கேட்கிறான். சில இடங்களில் என் மனைவி, “சின்னவன் இருக்கான், அதைத் தாண்டிப் படி” என்பார். அதுவும் சரியே. எல்லா நூலும் எல்லா வயதுக்கும் உரியதல்ல. ஆனால் எதைத் தாண்ட வேண்டும் என்று அறிய, நாமும் உடன் வாசித்திருக்க வேண்டும். வாசிக்காமல் தடுப்பவருக்கு அந்தத் தகுதி இல்லை.

இது நமக்குப் புதிய வழக்கமும் அல்ல. சீறாப்புராணத்தை ஒருவர் வாசிக்க, ஊர் கூடியிருந்து கேட்ட காலம் உண்டு. கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் முனாஜாத்துகளும் நம் பாட்டிமார்களுக்குச் செவி வழியாகவே மனப்பாடம் ஆயின. இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படும் வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’, 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது முழுவதும் கேள்வியும் பதிலுமாகவே அமைந்தது. கேள்வி கேட்பவர் அப்போது இஸ்லாத்துக்கு வெளியே இருந்த ஒரு யூத அறிஞர். பதில் சொல்பவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். கேள்வியைக் கண்டு அஞ்சாத நூலிலிருந்து தொடங்கிய இலக்கிய மரபு நம்முடையது.

வஹீயின் முதற்சொல் ‘இக்ரஃ’ என்பதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதற்கடுத்து நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஹிரா குகையிலிருந்து நடுக்கத்தோடு இறங்கிய நபி (ஸல்) அவர்கள் நேரே சென்றது தம் வீட்டுக்கு. அந்தச் செய்தியை முதலில் கேட்டவர் அன்னை கதீஜா (ரலி) அவர்கள். அவர்கள் தேற்றிப் போர்வை போர்த்தி, பின்னர் தம் உறவினர் வரக்கா பின் நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் வேதங்களைக் கற்று எழுதி வந்த முதியவர். கிறிஸ்தவ மார்க்கத்தைத் தழுவியிருந்தவர். முந்தைய வேதங்களை வாசித்திருந்த அவர்தான், வந்தவர் யார் என்பதை அடையாளம் கண்டு சொன்னார். ‘இக்ரஃ’ என்ற கட்டளை முதலில் ஒரு குடும்பத்துக்குள் வந்தது என்பதையும், வேறு நூல்களை வாசித்த ஒருவரின் அறிவு அந்தக் குடும்பத்துக்கு ஆறுதலாயிற்று என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும்.

பத்ருப் போருக்குப் பின் நடந்ததும் நமக்குத் தெரியும். மீட்புத் தொகை கொடுக்க இயலாத, எழுதத் தெரிந்த மக்கத்துக் கைதிகள், அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே மீட்பாக ஏற்கப்பட்டது என்று அறிவிப்புகள் கூறுகின்றன. வாளோடு எதிர்த்து வந்தவர்களிடமிருந்தே எழுத்தைக் கற்றுக்கொள்ள அந்தச் சமுதாயம் தயங்கவில்லை. நாமோ நம் மொழியில் நம்மவர் எழுதியதை வாசிக்கவே தயங்குகிறோம்.

“ஹஜ்ரத், கதை படித்தால் ஈமான் குறையாதா?” என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் உண்டு. அதே பெற்றோரின் பிள்ளைகள் இரவு பன்னிரண்டு மணிவரை கைப்பேசியில் எதைப் பார்க்கிறார்கள் என்று நான் கேட்டால் பதில் வருவதில்லை. நூலாவது தன் பெயரை அட்டையில் எழுதிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. கைப்பேசி அப்படி வருவதில்லை.

“பொருள் தெரியாமல் ஓதினாலும் நன்மை உண்டே?” என்பார்கள். உண்டு, அதை மறுப்பவன் நான் அல்லன். ஆனால் ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி போன்ற ஆலிம்கள் பல்லாண்டு உழைத்துக் குர்ஆனின் பொருளைத் தமிழில் தந்தது, நாம் அதை உறையிலிட்டு வைப்பதற்கு அல்லவே. குர்ஆனை எத்தனை முறை கத்தம் செய்தோம் என்று ரமலான் முடிவில் ஒருவரையொருவர் கேட்கிறோம். எந்த வசனம் உங்களை நிறுத்தியது என்று யாரும் கேட்பதில்லை. மதரஸா ஆசிரியனான நானும் இத்தனை ஆண்டுகளில் கேட்டதில்லை. இந்தக் குறையில் முதற்பங்கு எங்களைப் போன்றோருக்கே உரியது.

நூல் வாங்க வசதி இல்லை என்பதும் முழுக் காரணம் ஆகாது. திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தை எல்லாரும் அறிவர். இதே ஊரில்தான் ஞானாலயா ஆய்வு நூலகமும் இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்னும் ஆசிரியத் தம்பதியர் தம் சொந்த வருவாயில் பல பத்தாண்டுகளாக வாங்கிச் சேர்த்த நூல்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். அரிய முதற்பதிப்புகளும் அவற்றில் உண்டு. தொலைதூரங்களிலிருந்து ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். சில தெருக்கள் தள்ளிக் குடியிருக்கும் நான் பல ஆண்டுகள் அதன் வாசலைக் கடந்துதான் போயிருக்கிறேன். ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து வாசித்தால் ஒரு வீடு என்னவாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நாம் லட்சம் நூல்கள் சேர்க்க வேண்டாம். இந்த விடுமுறையில் நாளொன்றுக்கு அரை மணி நேரம் போதும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கைப்பேசிகளை ஓரிடத்தில் வைத்துவிட்டு, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கட்டும். முதலில் குர்ஆன் தமிழாக்கத்தில் ஒரு பக்கம். பிறகு பிள்ளைகள் விரும்பும் நூல். வீட்டில் முதியவர் இருந்தால், தொண்டி எம்.ஆர்.எம். அப்துற் றஹீமின் ‘நபிமார்கள் வரலாறு’ அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். என் தாயார் இப்போது கண்ணாடிவில்லையை வைத்துக்கொண்டு அதைத்தான் வாசிக்கிறார். வாசிப்பவர் பிழையாக வாசித்தால் மதரஸாவில் திருத்துவதுபோல் உடனே திருத்த வேண்டாம், விட்டுவிடுங்கள். கேள்வி வந்தால் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். முக்கியமாக, தந்தையர் கையில் ஒரு நூல் இருப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். நான் பார்த்ததில்லை, என் அத்தா வெளிநாட்டில் இருந்தார். உள்ளூரில் இருக்கும் நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பெருநாள் வசூலில் மிகச் சிறு பகுதியை ஒதுக்கி, மதரஸாவில் ஓர் அலமாரி வையுங்கள். அதற்குப் பூட்டு வேண்டாம். பெண்களும் எடுத்துச் செல்ல வழி செய்யுங்கள்.

எங்கள் வீட்டுப் புளி இன்னும் இரண்டு நாளில் முடிந்து பானைக்குள் போய்விடும். நாவலில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. “புளி முடிஞ்சா என்ன, மாவடு வந்துருச்சு” என்கிறார் என் தாயார்.

நம் இல்லங்களைத் தன் வேதத்தை உணர்ந்து ஓதும் இல்லங்களாகவும், பயனுள்ள நூல்களை அஞ்சாமல் வாசிக்கும் இல்லங்களாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.