பூனைக்குப் பாவம் பார்க்காதீங்க!

குட்டீஸ், உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா? தலைப்பைப் பார்த்து என் மேல் கோபப்படாமல், கொஞ்சம் முழுசாகப் படியுங்கள்.

என் அண்ணன் வீட்டில் ஒரு பூனை உண்டு. பெயர் மீனு. ஆறு மாதம் ஆனதும், அதற்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய நாள் குறித்தார் டாக்டர். "ராத்திரி சாப்பாட்டோடு சரி, காலையில் எதுவும் கொடுக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கே சமையலறை வாசலில் நின்று கத்த ஆரம்பித்துவிட்டது மீனு. ஐந்தாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகளுக்கு மனசு தாங்கவில்லை. 'ஐயோ, பாவம்!' என்று யாருக்கும் தெரியாமல் அரை டம்ளர் பால் ஊற்றி வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காலையில் ஏதாவது சாப்பிட்டதா?"

"இல்லை டாக்டர்" என்றார் அண்ணன். பின்னால் நின்றவள் 'ஓ'வென்று அழுது, உண்மையைச் சொல்லிவிட்டாள். டாக்டர் திட்டவே இல்லை. "நல்ல வேளை, சொன்னாய் பாப்பா" என்று கூறி, ஆபரேஷனை இரண்டு நாள் தள்ளிப் போட்டார்.

அரை டம்ளர் பாலுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். மயக்க மருந்து கொடுத்த பிறகு, விழுங்குவதும் இருமுவதும் பூனையின் கட்டுப்பாட்டில் இருக்காது. வயிற்றில் இருப்பது மேலே வந்தால், மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் போய்விடலாம். உயிருக்கே ஆபத்து! மனிதர்களையும் ஆபரேஷனுக்கு முன் பட்டினி போடுவது இதற்காகத்தான். அதற்காக நீங்களாகவே ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டுவிடாதீர்கள். சின்னக் குட்டி என்றால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்து சோர்ந்துவிடும். எத்தனை மணியிலிருந்து சாப்பாடு கூடாது, தண்ணீர் எதுவரை தரலாம் என்பதை டாக்டரிடம் கேட்டு, காலண்டரில் எழுதி வையுங்கள். தப்பித் தவறிக் கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள். அன்றைக்கு அவள் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

'வாயில்லா ஜீவனுக்கு ஆபரேஷனா? பாவம் வந்து சேரும்' என்று பாட்டி சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே கர்ப்பமாகலாம். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். ஒரு முறைக்கு நாலைந்து குட்டிகள். வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை கூட! அத்தனைக்கும் வீடு எங்கே கிடைக்கும்? கண் திறக்காத குட்டிகளைக் கோணிப்பையில் போட்டு, மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருகிறார்களே... அதுதான் பாவம். ஆபரேஷன் செய்த பூனைக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் வராது.

சரி, மீனு விஷயத்துக்கு வருவோம். இரண்டாவது தடவை வீட்டில் எல்லாரும் மொட்டை மாடியில் ஒளிந்து நின்று காபி குடித்தார்களாம்! ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூடி போட்ட கூடையில் வீட்டுக்கு வந்தாள் மீனு. (கையில் தூக்கிக்கொண்டு பைக்கில் போகவே போகாதீர்கள். மிரண்டால் குதித்துவிடும்.)

மயக்கம் தெளியும் வரை குடித்தவன் மாதிரி தள்ளாடும். பார்த்தால் சிரிப்பாகவும் இருக்கும், அழுகையாகவும் இருக்கும். கட்டிலில் விடாதீர்கள், விழுந்துவிடும். சத்தமில்லாத அறையில், தரையில் பழைய பருத்திப் போர்வை விரித்துப் படுக்க வையுங்கள். உடம்புச் சூடு குறைந்திருக்கும் என்பதால் ஃபேன் வேண்டாம். நன்றாக நிமிர்ந்து நின்ற பிறகுதான் தண்ணீர். அப்புறம் கொஞ்சமாகச் சாப்பாடு. அந்த நேரத்தில் கொஞ்சப் போகாதீர்கள். பயத்தில் கடித்துவிடலாம். கடித்தாலோ, பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அம்மா, அப்பாவிடம் சொல்லி, டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்த 'ஐயோ, பாவம்' கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்புக்கு. அதை மாட்டியதும் மீனு பின்னாலேயே நடந்து, சுவரில் முட்டி, எங்களை முறைத்தாள். கழற்றிவிடலாமா என்று எனக்கே கை துறுதுறுத்தது. ஆனால், பூனையின் நாக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பானது. குட்டிக் குட்டிக் கொக்கிகள் அதில் இருக்கின்றன. கொஞ்ச நேரம் நக்கினாலே தையல் பிரிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தான பாவம் ஒன்று உண்டு. வலிக்குமே என்று, நமக்குக் காய்ச்சல் வந்தால் போடும் பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது! பூனையின் உடம்பால் அந்த மருந்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். ஒரே மாத்திரை போதும், செத்துப்போக. டாக்டர் கொடுத்த மருந்தைத் தவிர வேறு எதுவும் கூடாது. இன்னொன்று: 'குர்குர்' என்று சத்தம் போட்டால் வலி இல்லை என்று நினைக்காதீர்கள். வலிக்கும்போதும் பூனை அப்படிச் செய்யும்.

அண்ணன் மகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். காலையிலும், மாலையிலும் தையலைத் தொடாமல் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். வீக்கம், சீழ், ரத்தம், கெட்ட வாடை எது இருந்தாலும் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும், சிறுநீர் போகாவிட்டாலும் அப்படித்தான். புண்ணில் மண் ஒட்டாமல் இருக்க, மணல் தட்டில் மணலுக்குப் பதிலாகப் பேப்பரைக் கிழித்துப் போட்டாள். அந்தப் பத்து நாளும் மீனுவுக்குக் குளியல் கிடையாது. அதில் மீனுவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

பத்தாம் நாள் டாக்டர் தையலைப் பிரித்து, "கூம்பைக் கழற்றிவிடலாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் மீனு பீரோ மேல் ஏறி, பத்து நாள் பாக்கியை எல்லாம் சேர்த்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!