கடல்கன்னி வால் வேணுமா? முதல்ல ஃபின்ஸைப் பாருங்க!

“சித்தி, எனக்கு மெர்மெய்ட் வால் வேணும். சும்மா போட்டோவுக்கு இல்ல, நீந்தறதுக்கு!”

ஆவடியிலிருந்து அக்கா மகள் போன் போட்டாள். ஒன்பது வயது. நீச்சல் வகுப்புக்குப் போகிறாள், ரீல்ஸும் பார்க்கிறாள். “துணியை நானே தைச்சுடுவேன். உள்ளே என்ன வைக்கிறதுன்னுதான் தெரியலை” என்றாள் அக்கா. அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. பளபளக்கும் துணி வெறும் சட்டை. வாலுக்கு உயிர் கொடுப்பது உள்ளே காலில் மாட்டும் ஃபின்ஸ்தான்.

மீன் இல்லை, ஆவுளியா!

மீனின் வால் செங்குத்தாக நின்று, இடமும் வலமுமாக அசையும். நம் முழங்கால் அப்படி மடங்காது. டால்பினுக்கும், கடல் பசு என்கிற ஆவுளியாவுக்கும் வால் படுக்கைவாட்டில் இருக்கும். மேலும் கீழுமாக அடித்து நீந்தும். கடல்கன்னி வேஷம் போடுபவர்களும் அப்படித்தான் நீந்துகிறார்கள். ஆவுளியாவைப் பார்த்துத்தான் அந்தக் கால மாலுமிகள் கடல்கன்னிக் கதை சொன்னார்கள் என்பார்கள். அந்த ஆவுளியாவுக்காகவே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-ல் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது.

எந்த ஃபின்ஸ்?

மோனோஃபினில் இரண்டு பாதமும் ஒரே தகட்டுக்குள் போகும். வேகம் கிடைக்கும், ஆனால் கால்களைப் பிரிக்க முடியாது. டால்பின் கிக் நன்றாகப் பழகிய பெரியவர்களுக்கானது அது. ஸ்கூபா டைவிங்குக்கான நீள ஃபின்ஸ் விறைப்பாக இருக்கும். குழந்தையின் கணுக்கால் வலிக்கும். குழந்தைகளுக்கு நீச்சல் பயிற்சிக்கான குட்டையான, வளையக்கூடிய ஜோடி ஃபின்ஸ் போதும்.

பெரியமேடு ஸ்போர்ட்ஸ் கடைகளில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும் பாதத்தை அளந்து வாங்குங்கள். ‘வளர்ற பிள்ளைதானே’ என்று ஸ்கூல் ஷூ மாதிரி ஒரு சைஸ் கூட்டி வாங்காதீர்கள். தண்ணீரில் கழன்று போகும், தோலும் உரசிப் புண்ணாகும். விரல்கள் மடங்கவும் கூடாது. முக்கியமான சோதனை ஒன்று: குழந்தை தானே மாட்டி, தானே கழற்ற வேண்டும். உங்கள் உதவி தேவைப்பட்டால் அந்த ஜோடி வேண்டாம்.

தைக்கும்போது...

நீச்சல் உடைக்கான ஸ்ட்ரெட்ச் துணி நல்லது. காட்டன், கனமான சீக்வின்ஸ் வேண்டாம். துணியை ஒரு வாளித் தண்ணீரில் முக்கித் தூக்கிப் பாருங்கள். உங்கள் கைக்கே கனமாக இருந்தால் குழந்தையின் காலுக்கு என்ன ஆகும்?

வாலைக் குழாய் மாதிரி மூடித் தைக்காதீர்கள். பின்பக்கம் தொடையிலிருந்து கணுக்கால் வரை திறந்துவிட்டு, இரண்டு இடத்தில் மட்டும் சின்ன வெல்க்ரோ வையுங்கள். காலை விரித்ததும் பட்டென்று பிரிய வேண்டும். வால் நுனியையும் இரண்டு பாதியாக வெட்டி, ஒவ்வொரு ஃபின்னிலும் ஒரு பாதியைக் கட்டுங்கள். கால்களைச் சேர்த்தால் ஒரே வால். பிரித்தால் சாதாரண ஃபின்ஸ்.

இவ்வளவு ஏன் என்றால், கால் கட்டப்பட்ட குழந்தையால் தண்ணீரில் எழுந்து நிற்க முடியாது. கனடாவின் எட்மன்டன் நகரம் 2015-ல் பொது நீச்சல் குளங்களில் இந்த வாலுக்கே தடை போட்டது. அமெரிக்காவின் வீக்கி வாச்சியில் 1947 முதல் கடல்கன்னி ஷோ நடக்கிறது. அங்கே நீருக்கடியில் சிரிப்பவர்கள் காற்றுக் குழாயில் மூச்சு எடுத்துக்கொள்கிறார்கள். வீடியோவில் நம் பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை.

அதனால் சில கட்டாய விதிகள். வால் இல்லாமல் மிதக்கவும், மல்லாந்து நீந்தவும் தெரிந்த பிறகே வால். நிற்கும் ஆழத்தில் மட்டும், கை எட்டும் தூரத்தில் நீச்சல் தெரிந்த பெரியவர் இருக்க வேண்டும். குளத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மூச்சு அடக்கும் போட்டி கூடவே கூடாது. பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம், புழல் என்று நம்மைச் சுற்றி ஏரிகள் உண்டு. வால் போட்டோ எடுக்கக்கூட அவற்றில் இறங்காதீர்கள்.

திரையில் கடல்கன்னியாக நீந்திய முன்னோடி, ஆஸ்திரேலியாவின் ஆனெட் கெல்லர்மன். சின்ன வயதில் கால் பலவீனத்தால் இரும்புப் பட்டை மாட்டியிருந்தவர். காலுக்குப் பலம் வரட்டும் என்றுதான் நீச்சலில் இறங்கினார். 1911-ல் வால் மாட்டி நடித்தபோது அவர் பெயர் பெற்ற நீச்சல் வீராங்கனை. முதலில் நீச்சல், பிறகுதான் வால்.

இந்தக் கதையை அக்கா மகளிடம் சொன்னேன். “அப்போ நான் எப்போ வால் போடலாம்?” என்றாள். ஃபின்ஸ் மட்டும் மாட்டி, நிற்காமல் நாலு தடவை குளத்தின் குறுக்கே போய் வந்தால் தைக்கலாம் என்றாள் அக்கா. இப்போது மூன்று தடவை ஆகிறது. துணி எடுத்து வைத்தாச்சு. பச்சை நிறம்!