மடியில் இருப்பவரும் பயணிதான்

பெறுநர்: போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர், தமிழ்நாடு.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் அலுவலர்கள் லைசென்ஸ் கேட்கிறார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஓட்டுபவர் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று ஜன்னல் வழியாகக் குனிகிறார்கள். பக்கத்து இருக்கையில் அம்மாவின் மடியில் கைக்குழந்தை இருந்துவிட்டால் மட்டும் அந்தக் குனிதல் வேறு மாதிரி முடிகிறது. "கொழந்தை இருக்கா? சரி சரி, போங்க சார்." ஓட்டுபவருக்கு விழவேண்டிய அபராதம்கூடக் குழந்தை முகத்துக்காகத் தள்ளுபடி ஆவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டிக்குள் சட்டம் முதலில் கவலைப்பட வேண்டிய ஆள், அந்த மடியில் இருப்பவர்தான்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையை பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. உயர்த்தப்பட்ட அபராதங்களைத் தமிழ்நாடு 2022 அக்டோபரில் அமல்படுத்தியபோது ஹெல்மெட்டுக்கு எவ்வளவு, சிக்னல் தாண்டினால் எவ்வளவு, குடித்துவிட்டு ஓட்டினால் எவ்வளவு என்று டீக்கடை வரை பேச்சாக இருந்தது. குழந்தைக்கு என்று ஓர் உட்பிரிவு இருப்பதை யாரும் பேசிக் கேட்கவில்லை.

அதற்கு முந்தைய மாதம்தான் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்திருந்தார். பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று செய்தி வந்ததும், பின்னால் உட்கார்ந்தாலும் பெல்ட் போட வேண்டும் என்று நாடே சில வாரம் பேசியது. அந்தப் பேச்சும் பெரியவர்களோடு நின்றுபோனது.

"நான் கெட்டியாப் பிடிச்சுக்குவேன்" என்று சொல்லாத தாய் இல்லை. அவள் சொல்வது பொய்யும் இல்லை, உண்மையாகவே பிடித்துக்கொள்ளத்தான் நினைக்கிறாள். ஆனால் கணக்கு ஒத்துக்கொள்ளாது. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதன்மீதோ மோதிச் சுமார் பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ குழந்தையை நகராமல் பிடித்து வைக்க, அந்தக் கணத்தில் ஏறக்குறைய 140 கிலோவைத் தாங்கும் பலம் கைகளுக்கு வேண்டும். அதே வேகத்தை வேறு விதமாகச் சொன்னால், 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம் அது. மூன்றாவது மாடி பால்கனிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைக்க எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். கடைத்தெருவுக்குப் போகிற 50 கி.மீ. வேகம் மட்டும் நமக்கு வேகமாகவே தெரிவதில்லை.

குழந்தையையும் சேர்த்துத் தன் பெல்ட்டை மாட்டிக்கொள்ளும் தாய்மார்களும் உண்டு. அது இன்னும் ஆபத்து. மோதும்போது அம்மாவின் முழு உடலும் முன்னால் வரும், நடுவில் குழந்தை, அதற்கு முன்னால் இறுகும் பெல்ட். பெல்ட் போடாத தாயானால் பெல்ட் இருந்த இடத்தில் டேஷ்போர்டு.

அமெரிக்காவின் டென்னசி மாநிலம் இதே இடத்தில் ஒருமுறை இடறியது. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவரின் விடாமுயற்சியால், குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கும் சட்டம் அந்நாட்டிலேயே முதலாவதாக 1978-ல் அங்கு நடைமுறைக்கு வந்தது. பெரியவர் மடியில் வைத்திருந்தால் பரவாயில்லை என்று அதில் ஒரு விலக்கையும் சேர்த்துவிட்டார்கள். குழந்தையை நசுக்கும் திருத்தம் என்றே அதற்குப் பெயர் வந்தது. 1981-ல் அதை எடுத்துவிட்டார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு கிடையாது. பழக்கத்தில் இருக்கிறது, அதை யாரும் ரத்து செய்யவில்லை.

முன் இருக்கையைப் பற்றி இன்னொன்று. இப்போது வரும் கார்களில் ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஏர்பேக் கட்டாயம். பெரியவரைக் காப்பாற்றுவதற்காகக் கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் அந்தப் பை, மடியில் இருக்கும் குழந்தையின் தலையில்தான் முதலில் அறையும். வெயிலுக்கு மடக்கி இறக்கும் தட்டியில், குழந்தை இருக்கையின்மேல் குறுக்குக்கோடு போட்ட ஒரு படம் ஒட்டியிருக்கும். புது காருக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுகிற அன்றைக்கு அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. பின்கதவில் சைல்ட் லாக் எங்கே இருக்கிறது என்றும் காட்டுவதில்லை. ஆனால் சன்ரூஃப் எப்படித் திறக்கும் என்று இரண்டு முறை காட்டுவார்கள். விளைவை ஞாயிற்றுக்கிழமை மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்க்கலாம். கூரைக்கு மேலே இடுப்புவரை நீட்டிக்கொண்டு, காற்றில் முடி பறக்க, ஒரு சிறுவனாவது நின்றுகொண்டு வருவான். கீழே அப்பா கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

"எங்க வண்டி ஃபைவ் ஸ்டார் சார்" என்கிறவர்களுக்கும் ஒரு தகவல் போய்ச் சேர வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் குழந்தைகளின் பாதுகாப்புக்குத் தனியாக 49 புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிகளைக் கொடுப்பது, குழந்தை அளவிலான பொம்மைகளைக் குழந்தை இருக்கையில் பொருத்தி மோதவிட்டுப் பார்த்த பிறகு. இருக்கை இல்லாமல் மடியில் போகும் குழந்தைக்கு அந்த நட்சத்திரங்களில் ஒன்றும் சேராது.

பாட்டிகளின் எதிர்ப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "பச்ச உடம்பு, இன்னும் கழுத்தே நிக்கல, அதப் போய்க் கட்டிப் போடுவாங்களா?" கேள்வி நியாயமானது. பதிலும் அந்தக் கழுத்திலேயே இருக்கிறது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால்பங்கு தலை. வண்டி மோதி நிற்கும்போது அந்தத் தலை முன்னால் எறியப்படும், கழுத்தெலும்பு அதைத் தாங்காது. அதனால்தான் கைக்குழந்தைக்கான இருக்கையைப் பின்புறம் பார்க்கும்படி பொருத்துகிறார்கள். காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது பிடரிக்குக் கை கொடுப்போமே, அந்த வேலையை இருக்கையின் முதுகு செய்கிறது: தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேரத்தில் அணைப்பாக நிற்கும். இப்படிப்பட்ட இருக்கை கைக்குழந்தைகளின் இறப்பு வாய்ப்பைச் சுமார் 70 சதவீதமும், சற்று வளர்ந்த சிறு குழந்தைகளுக்கு 54 முதல் 80 சதவீதம் வரையும் குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. குழந்தை அழும் என்பதும் உண்மைதான். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் பெல்ட் கொக்கி சுடவும் செய்யும். துண்டு போட்டு மூடி வைக்கலாம். அழுகிற குழந்தைக்காக வண்டியை நிறுத்தி, இறங்கி, தூக்கிச் சமாதானம் செய்துவிட்டு மறுபடி கிளம்பலாம். பயணம் கால் மணி நேரம் நீளும்.

இனி என் முக்கியமான கோரிக்கை. அதில் அபராதம் இல்லை.

அரசு மருத்துவமனையில் பிரசவமான தாயையும் குழந்தையையும் 102 தாய் சேய் நல ஊர்தி இலவசமாக வீட்டில் கொண்டுவிடுகிறது. நல்ல திட்டம். ஒரு குழந்தை பிறந்த பிறகு செய்யும் முதல் சாலைப் பயணம் அரசின் வண்டியில், அரசின் ஓட்டுநரோடு நடக்கிறது. அதில் குழந்தை எங்கே இருக்கிறது? பாட்டியின் மடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டு. பக்கத்தில் பிளாஸ்டிக் கூடை, வெந்நீர் பிளாஸ்க், அரசு கொடுத்த பரிசுப் பெட்டகம். 2015-ல் தொடங்கிய அந்தப் பெட்டகத்தில் 16 பொருட்கள். கிலுகிலுப்பை இருக்கிறது, குழந்தைக்கு நகவெட்டி இருக்கிறது, தாய்க்கு சௌபாக்ய சுண்டி லேகியம் இருக்கிறது. நகம் கீறிவிடுமே என்று யோசித்த அரசு இதையும் யோசிக்கும்.

பெட்டகத்தில் இருக்கையைச் சேர்த்துக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கார் இல்லாத வீட்டில் அது பரண் ஏறும். வண்டியில் வையுங்கள். ஒவ்வொரு 102 வண்டியிலும் பின்புறம் பார்க்கும் ஒரே ஓர் இருக்கை, நிரந்தரமாகப் பொருத்தியது, துடைத்துச் சுத்தம் செய்யக்கூடியது. ஒரு வண்டியில் வைத்த இருக்கை வருடம் முழுக்க எத்தனையோ குழந்தைகளை வீட்டில் சேர்க்கும். கூடவே ஓட்டுநருக்கு ஒரு நாள் பயிற்சி. தோள்பட்டைக்கும் வாருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, தலை முன்னால் தொங்காமல் எந்தச் சாய்வு என்பதை அவர் வாசலில் வைத்துப் பாட்டிக்குச் செய்துகாட்டினால், நூறு விளம்பரப் பலகைகள் சாதிக்காததை அது சாதிக்கும். அரசாங்க வண்டியிலேயே இப்படித்தான் வைத்துக் கூட்டிவந்தார்கள் என்ற பேச்சு தெருவுக்கே பரவும். அந்த வண்டிகள் சுகாதாரத் துறைக்குரியவை என்பது தெரியும். ஆனால் அவற்றுக்கு எஃப்.சி. கொடுப்பது உங்கள் துறைதானே.

நாம் விபத்துக்குப் பிறகு செய்வதில் குறை வைப்பதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. அந்த 48 மணி நேரத்துக்கு முந்தைய ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

சட்டத்திலேயே ஒரு ஓட்டையும் உண்டு. 'பெல்ட்டாலோ, பாதுகாப்பு இருக்கையாலோ' என்ற வாசகத்தின்படி, மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டாலே கடமை முடிந்தது. அந்த பெல்ட் குழந்தையின் தோளில் நிற்காது, கழுத்தில் ஏறும். இடுப்பெலும்பில் படியாது, வயிற்றில் அழுத்தும். இங்கே முக்கியம் வயதல்ல, உயரம். ஐரோப்பிய நாடுகள் 135 அல்லது 150 செ.மீ. என்று உயரத்தை வைத்துத்தான் வரையறுக்கின்றன. இதை மாற்றுவது தில்லியின் வேலை. தமிழ்நாட்டிலிருந்து ஒரு கடிதம் போகலாம். வாடகைக் கார்களில் கேட்டால் குழந்தை இருக்கை கிடைக்க வேண்டும் என்பதையும் அதே உறையில் சேர்த்துவிடலாம்.

கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். நம் மக்களின் குடும்ப வண்டி டூவீலர்தான். அப்பா, பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒன்று, அம்மாவின் இடுப்பில் ஒன்று. ஸ்கூட்டரானால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி முன்னால் நிற்கும் பிள்ளை, பிரேக் போட்டால் ஸ்பீடோமீட்டரில் பல் இடிக்கும் உயரத்தில். இதற்கும் விதி உண்டு. 2022 பிப்ரவரியில் அறிவித்து 2023 பிப்ரவரி 15-ல் நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு வார்ப்பட்டையால் இணைக்க வேண்டும், 9 மாதம் நிறைந்த குழந்தைக்கு அதன் அளவுக்கு ஹெல்மெட் வேண்டும், 40 கி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. 30 கிலோ தாங்கும் பட்டை என்பதுவரை விதியில் எழுதியிருக்கிறது. மாவட்டத் தலைநகரின் பெரிய உதிரிபாகக் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், ஸ்கூல் பேக்கை எடுத்துக் காட்டுவார்கள்.

வண்டியே விழுந்தால் பட்டையால் கட்டிய குழந்தையும் சேர்ந்துதானே விழும் என்று கேட்பவர்கள் உண்டு. பட்டை எல்லா விபத்திலும் காப்பாற்றும் என்று நானும் நம்பவில்லை. அது தடுப்பது, தூக்கத்தில் சரிந்து விழுவதையும் வேகத்தடையில் தூக்கி எறியப்படுவதையும். மாலை நேரத்தில் அப்பாவின் முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போன பிள்ளையை ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஓட்டுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சேலை சக்கரத்தில் சிக்கக் கூடாது என்று தடுப்புக் கம்பியை வண்டியோடு சேர்த்தே விற்கச் சொல்கிற விதிகள் நம்மிடம் இருக்கின்றன. வாங்கும்போது ஹெல்மெட் தரவேண்டும் என்றும் விதி இருக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தை உண்டா என்று கேட்டு ஒரு பட்டையும் தர வைப்பது பெரிய காரியமில்லை.

பள்ளி வாகனங்கள் விஷயத்தில் உங்கள் துறைக்கு முன்னனுபவம் உண்டு. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, அந்த ஆண்டே சிறப்பு விதிகள் வந்தன. இன்றும் மே மாதம் மைதானத்தில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தித் தரையைத் தட்டிப் பார்க்கிறார்கள். அந்த மைதானத்துக்கு வராத ஆட்டோக்களும் வேன்களும்தான் எனக்குக் கவலை. ஓட்டுநரின் இருக்கை நுனியில் இருபுறமும் பிள்ளைகள், வெளியே கொக்கியில் ஆடும் பைகள், எதிரே போட்ட பலகையில் இன்னும் நால்வர்.

கடைசியாக ஒரு தகவல் கேட்கிறேன். மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 9,528 பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். அதே ஆண்டில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். ஹெல்மெட் வழக்குகளின் எண்ணிக்கை அவ்வப்போது செய்தித்தாளில் வருகிறது. 194பி இரண்டாம் உட்பிரிவின் கீழ் தமிழ்நாட்டில் இதுவரை எத்தனை வழக்குகள் பதிவாகியிருக்கின்றன, ஆர்.டி.ஓ. அலுவலகம் வாரியாக எத்தனை என்பதை வரும் ஜனவரி சாலைப் பாதுகாப்பு மாதத்தில் வெளியிட வேண்டுகிறேன். பூஜ்யமாக இருந்தால் பூஜ்யம் என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுச் சாலைகளில் பயணிக்கும் ஒருவர்