மறைத்து வைத்த புண்

நம் பங்கைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் கோவிலில் எப்பொழுதும் ஒருக்களித்தே அமர்வார். அது அவர் பழக்கம் என்றே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு ஒரு மாலையில் பங்கு இல்லத்துக்கு வந்தவர், கதவைச் சாத்திவிட்டு, வால் எலும்புக்குச் சற்று மேலே இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சீழ் வடியும் புண் ஒன்று உண்டு என்றார். மனைவியிடம் மூலம் என்று சொல்லிச் சமாளித்து வந்தாராம். அவருடைய இசைவோடுதான் இதனை எழுதுகிறோம்.

மருத்துவர்கள் இதற்குப் பைலோனிடல் சைனஸ் என்பர். குருமடத்தில் உருப்போட்ட இலத்தீன் நமக்கு இங்கே கை கொடுத்தது. 'பிலுஸ்' என்றால் மயிர்; 'நிதுஸ்' என்றால் கூடு. 1880-இல் ஹாட்ஜஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் இட்ட பெயர் இது. உதிர்ந்த மயிர் பிட்டங்களின் இடைப்பள்ளத்தில் தோலைத் துளைத்து உள்ளே தங்கிவிட, அவ்விடம் சீழ் பிடித்துப் புரையோடுகிறது. நெடுநேரம் அமர்ந்து பணிபுரியும் இளைஞரிடம் இதனை மிகுதியாகக் காணலாம். இரண்டாம் உலகப் போரில் குலுங்கும் ஜீப்புகளில் சென்ற அமெரிக்கப் படைவீரர் பல்லாயிரவர் இதனால் மருத்துவமனையில் கிடந்தமையால், 'ஜீப் நோய்' என்றே வழங்கலாயிற்று.

பெரும்பாலோர்க்கு இது தொல்லையேயன்றி உயிருக்கு ஆபத்தன்று. ஆயினும் ஆறுவதும் உடைவதுமாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும் புண்ணில் தோலின் உயிரணுக்கள் நெறி தவறிப் புற்றுநோயாக மாறுவதுண்டு. 1900 முதலே மருத்துவ ஏடுகளில் இது பதிவாகியுள்ளது. ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவே; அதுவும் பெரும்பாலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் புண்ணைச் சுமந்தவர்க்கே. ஆகவே சென்ற மாதம் கட்டி கண்டவர் எவரும் கலங்க வேண்டா.

நம் ஓட்டுநருக்கோ ஆறே மாதங்களில் புண் விரைந்து பரந்தது; ஓரங்கள் தடித்து மேலெழுந்தன; தொட்டால் குருதி கசிந்தது; நாற்றமும் மாறியது. அப்பொழுதும் அவர் களிம்புதான் தடவினார்! நம் குடும்பத்து ஆண்கள் இத்தகைய இடத்து நோயைத் தாயிடமும் சொல்லார், மனைவியிடமும் சொல்லார். சாமியாரிடம் சொல்வதும் வலி பொறுக்காத பிறகுதான்.

மருத்துவர் சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோயே என்று முடிவு வந்தது. புண்ணைச் சுற்றி நல்ல தசையும் சேர அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி நீக்கி, பக்கத்துத் தோலைத் திருப்பி மூடினார்கள். தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை. இளமையில் இருமுறை இதே புண்ணைக் கீறிவிட்டிருக்கிறார்கள். பின்னர் அது நாட்பட்டு நின்றபோதும் அதன் சதையை எவரும் சோதித்ததில்லை. பழைய புண்ணை அறுத்தெடுக்கும்போது, "ஐயா, எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று.

இந்நோய் மீண்டும் தலைகாட்டக் கூடியது என்பதால் மூன்று திங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குச் சென்று வருகிறார். சென்ற முறை மூத்த மகனும் உடன் போனான். அவனும் லாரிதான் ஓட்டுகிறான். அவனுக்கும் அதே இடத்தில் ஒரு சிறு துளை இருக்கிறதாம்.